பாவம், பையன் சைக்கிள்லதான் போறானாம்!

உட்ரெக்ட்,
நெதர்லாந்து.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

 

போன வாரம் அத்தை போன்ல ஒரு சேதி சொன்னாங்க. கோலார் தங்கவயல் கீதா ரோட்டிலிருந்து எம்.ஜி. மார்க்கெட் வரைக்கும் நம்ம சொந்தக்காரங்க நடுவில் இப்போ ஒரே பேச்சாம்: "வெளிநாடு போய் என்ன புண்ணியம்? பாவம், பையன் இன்னும் சைக்கிள்லதான் ஆபீஸ் போறானாம்." உண்மைதான் சித்தப்பா. மழையிலும் அதில்தான் போறேன். ஆனா சொந்தக்காரங்க வந்து துக்கம் விசாரிச்சுட்டுப் போறதுக்குள்ளே இந்தக் கடிதத்தை அத்தைக்குப் படிச்சுக் காட்டிடுங்க.

இந்த நாட்டில் ஜனங்க சுமார் 1.8 கோடி. சைக்கிள் சுமார் 2.3 கோடி. கைக்குழந்தையையும் கணக்கில் சேர்த்தாலும் தலைக்கு ஒண்ணுக்கு மேலேயே வருது. கிட்டத்தட்டப் பதினாலு வருஷம் பிரதமரா இருந்த மார்க் ருட்டே சைக்கிள்லதான் ஆபீஸ் போவார், சில நாள் ஆப்பிளைக் கடிச்சுக்கிட்டே. 2024 ஜூலையில் பதவியை ஒப்படைச்சுட்டுக் கிளம்பினதும் சைக்கிள்லதான். நம்ம பக்கம் ஒரு வார்டு கவுன்சிலர் இப்படிப் போனா அடுத்த எலெக்‌ஷன்ல டெபாசிட் தேறாது.

இங்கே ரயில் ஸ்டேஷனுக்கு அடியில் சைக்கிள் ஸ்டாண்டு ஒண்ணு இருக்கு. 2019-ல் முழுசாத் திறந்தாங்க. மூணு தளம், 12,500 வண்டி நிக்கும். உலகத்திலேயே பெரிசு இதுதானாம். சீட்டை விட்டு இறங்காமலே உள்ளே ஓட்டிக்கிட்டுப் போகலாம். எந்த வரிசையில் எத்தனை இடம் காலின்னு போர்டு சொல்லும். முதல் 24 மணி நேரத்துக்குக் காசில்லை. சாயங்காலம் ஆனா வண்டியை எங்கே விட்டோம்னு மறந்துபோய், கோட்டு சூட்டோட ஒவ்வொரு வரிசையா எட்டிப் பார்க்கிற பெரிய மனுஷங்களை அங்கே பார்க்கணும் நீங்க. அந்தச் சரிவில் இறங்கும்போதெல்லாம் உங்க ஞாபகம்தான் வரும். உங்களைச் சுரங்கத்துக்குள்ளே இறக்கின கேஜ் ஒண்ணுதான் குறை.

நம்ம சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் 3 கி.மீ.க்கு மேலேன்னு ஆபீஸ்ல சொன்னேன். யாரும் நம்பலை. நம்பாததுக்குக் காரணம் இருக்கு: இந்த மண்ணில் இருக்கிற உச்சிமலையே வால்சர்பெர்க்னு 322 மீட்டர்தான்! நம்ம ராபர்ட்சன்பேட்டையே கடல் மட்டத்துக்கு 800 மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கு. இவங்க நாட்டில் கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கு. நீங்க ஷிப்டுக்குத்தான் அண்டர்கிரவுண்டு போனீங்க. இவங்க குடித்தனமே அங்கேதான். கூட வேலை பார்க்கிற ஹைதராபாத் பையனுக்கு மட்டும் நம்ம ஊரைத் தெரிஞ்சிருந்தது. "கே.ஜி.எஃப். படத்து ராக்கி பாய் ஊரா?"ன்னு கேட்டான்.

மேடே இல்லாத ஊர்ல சைக்கிள் ஓட்ட வலிக்குமான்னு நினைக்காதீங்க. மேட்டுக்குப் பதிலா இவங்களுக்குக் காத்து இருக்கு. மேடாவது ஏறி முடிச்சா இறக்கம் தரும். இந்தக் காத்து காலையில் போகும்போதும் எதிரே வரும், சாயங்காலம் திரும்பும்போதும் எதிரே வரும். இதுக்கு ஒரு தேசியப் போட்டியே வெச்சிருக்காங்க, 2013-லிருந்து. தேதி முன்கூட்டிச் சொல்ல மாட்டாங்க. புயல் வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் ரெண்டு மூணு நாள் முன்னாடி அறிவிப்பு வரும். கடலைத் தடுக்கக் கட்டின அணை மேல, கியர் இல்லாத சாதா சைக்கிள்ல, எதிர்க்காத்தில் எட்டரை கி.மீ. மிதிக்கணும். புயல்னா நாம ஸ்கூலுக்கு லீவு விடுவோம். இவங்க பந்தயம் விடுறாங்க.

சாதா சைக்கிள்னு சொன்னேனே, அதில் பலதுக்குக் கை பிரேக்கே கிடையாது. பெடலைப் பின்னால் மிதிச்சாத்தான் நிக்கும். சென்னையிலிருந்து புதுசா வந்த பையன் ஒருத்தன், நம்மூர் வழக்கப்படி சிக்னல்கிட்டே ஸ்டைலாப் பெடலைப் பின்னால் சுத்தினான். வண்டி நின்னுடுச்சு. அவன் நிக்கலை.

டபுள்ஸ் போனா போலீஸ்காரர் காத்தைப் பிடுங்கிவிட்ட கதையெல்லாம் சொல்வீங்களே, இங்கே டபுள்ஸ் தாராளமாப் போகலாம். ஓடுற வண்டியில் பின்னாலிருந்து ஓடிவந்து கேரியர்ல பக்கவாட்டில் தாவி உட்கார்றாங்க, அதுவும் கையில் காபி கோப்பையோட. முன்னால் பெட்டி வெச்ச வண்டி ஒண்ணு உண்டு. அதில் மூணு பிள்ளைங்க, ஒரு நாய், வாரத்துக்கான மளிகை. ஒருத்தர் மெத்தையைத் தலைமேல் வெச்சு ஒரு கையால் பிடிச்சுக்கிட்டு வீடு மாறினதைப் பார்த்தேன். ஆனா மொபைலைக் கையில் எடுத்தா அபராதம், 2019-லிருந்து. விளக்கு இல்லைன்னாலும் அபராதம். மெத்தைக்குச் சட்டம் எதுவும் இல்லை போல.

திருட்டுக்கும் பஞ்சமில்லை. வண்டியைவிடப் பூட்டு கனம், விலையும் கிட்டத்தட்ட அதே. திருடு போகாதது வாய்க்கால்ல விழும். ஆம்ஸ்டர்டாம் கால்வாய்களிலிருந்து வருஷத்துக்கு 12,000 முதல் 15,000 சைக்கிள் வரைக்கும் தூர் வாரி எடுக்கிறாங்க.

இதெல்லாம் இவங்க ரத்தத்தில் ஊறினதுன்னு நினைக்காதீங்க. இவங்களும் ஒரு காலத்தில் கார் பின்னால் ஓடினவங்கதான். 1971-ல் மட்டும் ரோட்டில் செத்தவங்க 3,000-க்கு மேல். அதில் 400-க்கு மேல் குழந்தைங்க. பெத்தவங்க தெருவில் இறங்கினாங்க. 1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடு வேற. அப்புறம்தான் அரசாங்கம் சைக்கிள் பாதை போட ஆரம்பிச்சது. இந்த ஊர்ல கால்வாயை மூடிப் பெரிய ரோடு போட்டவங்க, அதே ரோட்டைத் தோண்டி 2020-ல் மறுபடி தண்ணி விட்டுட்டாங்க. நம்ம ஷாப்டுகள்ல யாரும் விடாமலே தண்ணி நிறைஞ்சுபோச்சு.

இப்போ முக்கியமான விஷயம். ஞாயித்துக்கிழமை வெளியூர்ப் பக்கம் சைக்கிள்ல கிளம்பினா எனக்கு மேப் தேவையில்லை. பாதைகள் சேர்ற ஒவ்வொரு முக்கிலும் ஒரு கம்பம், அதில் ஒரு நம்பர். 23, 41, 8, 60-ன்னு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஹேண்டில்பார்ல ஒட்டிக்கிட்டாப் போதும். அம்புக்குறியே அடுத்த நம்பருக்குக் கூட்டிப் போகும். ஊர்ப் பெயரை வாயில் நுழைச்சுப் பார்க்கிற வேலையே இல்லை. இதைக் கண்டுபிடிச்சது யார்னு தேடினேன். பக்கத்து நாடான பெல்ஜியத்தில், லிம்பர்க் நிலக்கரிச் சுரங்கத்து இன்ஜினியர் ஒருத்தர், ஹூகோ பொல்லன்! சுரங்கத்துக்குள்ளே வழி தவறாமல் இருக்க முக்குக்கு முக்கு நம்பர் வெச்சு நடப்பாங்க இல்லையா, அதையே அவர் மேலே ரோட்டுக்குக் கொண்டுவந்துட்டார். அங்கே கடைசிச் சுரங்கத்தை 1992-ல் மூடினாங்க. 1995-ல் அந்தச் சைக்கிள் வலைப்பின்னல் திறந்தது. இப்போ சுத்துவட்ட நாடுகள்லேயும் இதே முறைதான். அந்தப் பக்கம் ஜனங்க கூட்டம் கூட்டமாச் சைக்கிள் ஓட்ட வர்றாங்க, ஊர்க்காரங்க ஓட்டல் வெச்சுப் பிழைக்கிறாங்க.

நம்ம சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ல் மூடினாங்க. வேலை போனவங்க மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூர் போக ஆரம்பிச்சாங்க. லெவலும் நம்பரும் உங்க தலைமுறைக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அந்தப் புத்தியை யாராவது ஒருத்தர் மேலே கொண்டுவந்திருக்கலாம்.

அதனால் ஒரு உதவி. ஜனவரியில் வர்றேன். அதுக்குள்ளே ஒரு தாள்ல நம்ம ஊர் முக்குகளுக்கு நம்பர் போட்டு வையுங்க. ராபர்ட்சன்பேட்டையில் 1-ன்னு ஆரம்பிச்சு ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், சயனைடு மேட்டுப் பக்கம், அப்புறம் கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர், பேத்தமங்கலம் ஏரி வரைக்கும். ரெண்டு பேரும் ஓட்டிப் பார்க்கலாம். அத்தையைக் கேரியர்ல ஏத்திக்கிறேன்னு சொல்லுங்க, பாவப்படுறதை நிறுத்திடுவாங்க.

உங்க ஹெர்குலிஸ் டயர் பக்கத்தில் போட்டிருக்கிற சைஸைப் பார்த்து எழுதுங்க. 28-க்கு 1½-ன்னா இங்கத்துப் பழைய மாடல் வண்டிக்கும் அதே டயர்தான். ஜோடியா வாங்கிப் பெட்டியில் வெச்சுக் கொண்டுவர்றேன். சாக்லேட் கொஞ்சம் குறையும், அதை மட்டும் பிள்ளைங்ககிட்டே சொல்லிடாதீங்க.

இப்படிக்கு,
அன்புள்ள மகன்