கோழிக்குத் தூள் குளியல்

மெம்ஃபிஸ், டென்னசி

அன்புள்ள சித்திக்கு,

அமெரிக்காக்காரன் கோழியை என்னதான் பண்ணிச் சாப்பிடுகிறான் என்று கேட்டிருந்தீர்கள். தேய்க்கிறான் சித்தி. தீபாவளிக் காலையில் நாம் உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்ப்பது போல, இவன் கோழியின் உடம்பு முழுக்க உலர்ந்த மசாலாத் தூளை வைத்துத் தேய்க்கிறான். தயிர் இல்லை, இஞ்சி பூண்டு விழுது இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. அந்தத் தூளுக்குப் பெயரே 'ரப்', அதாவது தேய்ப்பு. செய்கிற வேலையையே பொருளுக்குப் பெயராக வைத்துவிட்டால் விளக்கம் சொல்லும் தொல்லை மிச்சம். கடைகளில் இதற்கென்று ஒரு தனி வரிசையே இருக்கிறது. டப்பாவின் மேல் நெருப்பு, எருமை, மீசைக்காரக் கிழவர் என்று விதவிதமான படங்கள். இவற்றில் ஒன்றையும் வாங்க வேண்டியதில்லை, வீட்டிலேயே கலந்துகொள்வதுதான் புத்தி என்பது என் கட்சி. சிக்கனத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. டப்பாவுக்கு உங்கள் கோழியின் எடையும் தெரியாது, உங்கள் அடுப்பின் சூடும் தெரியாது. தேய்ப்பு நன்றாக வருவதும் வராததும் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

முதலில் எடை. இந்த நாட்டுச் சட்டப்படி, உணவுப் பொட்டலத்தில் எது அதிக எடையோ அதைத்தான் பட்டியலில் முதலாவதாக அச்சிட வேண்டும். தேய்ப்பு டப்பாக்களைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் முதலிடம் உப்புக்கோ சர்க்கரைக்கோதான். மீசைக்காரக் கிழவர் காப்பாற்றும் பரம்பரை ரகசியம் பெரும்பாலும் கல்லுப்பு! மிளகு, பூண்டெல்லாம் பின்வரிசையில் நிற்கும். சிலது 'மசாலாப் பொருட்கள்' என்ற ஒரே சொல்லுக்குள் பெயர் சொல்லாமல் பதுங்கியிருக்கும், அதற்கும் சட்டம் இடம் கொடுக்கிறது. காசை விடுங்கள், கைக்கணக்கு கெடுகிறதே என்பதுதான் என் வருத்தம். கோழிக்குள் உண்மையில் இறங்குவது உப்பு ஒன்றுதான். அது முதலில் கறியிலிருந்து நீரை வெளியே இழுக்கும், அந்த நீரில் கரையும், பிறகு மெல்ல மெல்ல உள்ளே போகும். போகிற வழியில் சதையின் புரதத்தைத் தளர்த்திவிடுவதால், வெந்த பிறகும் கறியில் ஈரம் நிற்கும். இதற்கு ஓர் இரவு வேண்டும். மிளகாயும் பூண்டுத்தூளும் எத்தனை நேரம் வைத்தாலும் பெரும்பாலும் மேலேயே உட்கார்ந்திருக்கும். நாம் கறியில் கத்தியால் கீறல் போட்டு மசாலா தடவுகிறோமே, அதில்கூட மசாலா உள்ளே போவதில்லை, மசாலா ஒட்டுவதற்கான மேற்பரப்புதான் கூடுகிறது. ஆகவே உப்புக்கு ஒரு கணக்கு, மசாலாவுக்கு வேறு கணக்கு. ஒன்றரைக் கிலோ கோழிக்குப் பதினைந்து கிராம் உப்பு. அதை முதல் நாள் இரவே தடவி, மூடாமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட வேண்டும். தூளை மறுநாள் அடுப்பில் ஏற்றும்போது தேய்த்தால் போதும். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு விற்றால், காரம் கூட வேண்டும் என்று இன்னொரு பிடி தூவுகிறவர் உப்பையும் சேர்த்துத் தூவுகிறார். ஸ்பூன் கணக்கையும் நம்பாதீர்கள். இங்கே பொடியுப்பு ஒரு டீஸ்பூன் ஆறு கிராம் வரும், கோஷர் உப்பு என்று விற்கும் சில பொரபொரப்பான உப்பு அதில் பாதிகூட வராது.

அடுத்தது சூடு. நான் இருக்கும் மெம்ஃபிஸ் உலர் தேய்ப்புக்குப் பேர்போன ஊர். இங்கே பன்றி விலா எலும்பு கேட்டால், குழம்பு பூசியதா உலர்ந்ததா என்ற கேள்வி வரும். 1948-இல் ரான்டேவூ உணவகத்தைத் தொடங்கிய சார்லி வெர்கோஸ் கிரேக்க வம்சாவளிக்காரர், இந்த உலர் பாணியைப் பிரபலமாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு. புகையடுப்பில் சுடுகிறவர்கள் சுமார் 110 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்காக வேகவிடுவார்கள். அந்தச் சூட்டில் சர்க்கரை கருகாது, எனவே தூளில் தாராளமாகச் சேர்ப்பார்கள். கோழிக்கதை வேறு. தோல் மொறுமொறுவென்று வர ஓவனை 220 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். சர்க்கரை 160 தாண்டினாலே பாகாகத் தொடங்கி, இன்னும் ஏற ஏறக் கசந்து கருகும். விலா எலும்புக்குச் செய்த தூளை ஓவன் கோழியில் அப்பினால் வெளியே அடுப்புக்கரி, உள்ளே வேகாத கறி. தொடைக்கறிக்குள் 74 டிகிரி வந்தால்தான் வெந்தது என்பது இங்கே அரசாங்கம் சொல்லும் அளவு. அதுவரை மேல்தூள் தாங்க வேண்டுமானால் சர்க்கரையைக் குறைக்கிற உரிமை நம் கையில் இருக்க வேண்டும். டப்பாவிலிருந்து சர்க்கரையைப் பொறுக்கி எடுக்க எறும்பால்தான் முடியும்.

உங்கள் முதல் ஆட்சேபணை எனக்கு இங்கேயே கேட்கிறது: "எண்ணெயில் வதக்காத தூளை அப்படியே போட்டால் பச்சை வாசனை அடிக்காதா?" நியாயம்தான். ஆனால் இங்கே கோழியைத் தோலோடு சமைக்கிறார்கள். தோலுக்கடியில் உள்ள கொழுப்பு உருகி, தூளை இருந்த இடத்திலேயே வதக்கிவிடுகிறது. நம் ஊர்க் கடையில் தோலை உரித்துக் கொடுத்த கோழியில் இந்த வித்தை நடக்காது. "அப்படியானால் நம் வீட்டுக் குழம்புத்தூளையே தேய்த்தால் என்ன?" என்பது அடுத்தது. அதில் பாதிக்குமேல் மல்லி. மல்லியின் வேலை குழம்பைத் திக்காக்குவது. குழம்பே இல்லாத இடத்தில் அது மணல் மாதிரி பல்லில் நறநறக்கும். மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் அலசாமலா என்று மூன்றாவதாகக் கேட்பீர்கள். பச்சைக்கோழியைக் கழுவினால் கிருமி தொட்டி முழுக்கத் தெறிக்கும், கழுவாதே என்கிறது இந்த நாட்டு விவசாயத் துறை. இதில் உங்களோடு வாதாட எனக்குத் துணிச்சல் இல்லை.

பல சின்னக் குப்பி வாங்குவதற்கு ஒரு டப்பா மலிவுதானே என்பவர்களுக்கும் பதில் உண்டு. சூப்பர் மார்க்கெட்டில் அவர்கள் சொல்வது உண்மை. இந்தியக் கடைப் பொட்டலங்களில் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். நான் கலக்கும் கணக்கு இதுதான்: நான்கு பங்கு பாப்ரிகா, ஒரு பங்கு மிளகு, பூண்டுத்தூள் ஒன்று, வெங்காயத்தூள் ஒன்று, அரைப் பங்கு சீரகம், ஒரே ஒரு பங்கு நாட்டுச் சர்க்கரை. பாப்ரிகா என்ற காரம் குறைந்த மிளகாய்த்தூள் கல்யாண வீட்டில் பட்டுச்சட்டை போட்டு நிற்கும் தூரத்துச் சொந்தம்: பார்வைக்கு உண்டு, பொறுப்புக்கு இல்லை. காஷ்மீரி மிளகாய்த்தூளைப் போட்டால் அதே நிறம், கொஞ்சம் பொறுப்பும் வரும். 'சில்லி பவுடர்' என்ற பெயரை நம்பி மட்டும் ஏமாறக் கூடாது. 1890-களில் டெக்சாஸில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர் விற்கத் தொடங்கிய வகை அது. மிளகாயோடு சீரகம், ஓரிகானோ, பூண்டு எல்லாம் கலந்திருக்கும். அதை ரசத்தில் போட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

மிளகைத் தேடிக் கப்பலேறிய கொலம்பஸ், இந்தப் பக்கம் கண்ட மிளகாய்க்கும் மிளகின் பெயரையே சூட்டினார். நாமும் சளைக்கவில்லை, மிளகு போலக் காரமான காய் என்று 'மிளகாய்' ஆக்கிக்கொண்டோம். ஆகவே யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொல்லிமலை மிளகு அரைக் கிலோ கொடுத்தனுப்புங்கள். மிளகாய் வேண்டாம் சித்தி, அது இந்தக் கண்டத்துச் சரக்கு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்