மினியாபொலிஸ் கடிதம்: ஹீட்டர் இல்லாத கடைவீதி

கோயம்புத்தூரில் பம்புக்கு உதிரிபாகம் செய்து ஏற்றுமதி செய்கிற ஒருவர், ஜனவரி மாதத்தில் வியாபாரம் பேச மினியாபொலிஸ் வந்திருந்தார். பெயர் எதற்கு? கோவைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். கூட்டம் நாலரைக்கு முடிந்தது. ஐந்து மணிக்குள் சூரியனும் கடையைக் கட்டிவிட்டது. வெளியே மைனஸ் இருபது. அறைக்குப் போனால் டிவியும், வீட்டில் கட்டிக்கொடுத்த பருப்புப் பொடியும்தான் கதி. என்ன செய்யலாம் என்று ஹோட்டல் வரவேற்பறைப் பெண்ணிடம் கேட்டார். அவர் யோசிக்கவே இல்லை: "மாலுக்குப் போங்கள்."

எந்த மால் என்று இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. மால் ஆஃப் அமெரிக்காதான். மினியாபொலிஸை ஒட்டிய புளூமிங்டனில் 1992 ஆகஸ்டில் திறந்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட கடைகள், நடுவே ஏழு ஏக்கரில் ராட்டினமும் ரோலர் கோஸ்டருமாக ஒரு பொழுதுபோக்குப் பூங்கா, எல்லாம் ஒரே கூரைக்கு அடியில். புளூ லைன் ரயில் நகர மையத்தில் ஏற்றிக்கொண்டு, விமான நிலையம் வழியாக வந்து, மாலில் இறக்கிவிடுகிறது. தண்டவாளமும் அதோடு சரி. இதற்குமேல் இந்த ஊரில் யாருக்கும் வேலை இராது என்று ரயில்காரர்களே தீர்மானித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

கோவைக்காரர் இரண்டு பனியன், சட்டை, ஸ்வெட்டர், இரவல் வாங்கிய கோட்டு, ஏற்காட்டில் வாங்கிய குரங்குக் குல்லா சகிதமாக உள்ளே நுழைந்தார். பத்து நிமிடத்தில் நெற்றி வியர்த்தது. முதலில் குல்லா கழன்றது, பிறகு கோட்டு, பிறகு ஸ்வெட்டர். கல்யாண வீட்டில் சீர்த்தட்டு சுமப்பவரைப் போல எல்லாவற்றையும் கையில் ஏந்தியபடி நடந்தவரைப் பார்த்துவிட்டு, காவலாளி ஒருவர் லாக்கர் இருக்கும் திசையைக் காட்டினார். உள்ளூர்க்காரர்கள் வந்ததும் முதல் காரியமாகக் கோட்டை லாக்கரில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள்.

இத்தனை சூட்டுக்கு எவ்வளவு பெரிய பாய்லர் வைத்திருப்பார்கள்? தொழில்காரருக்கு அந்தச் சந்தேகம் வராமல் இருக்குமா! விசாரித்தார். கிடைத்த பதிலை அவர் முதலில் நம்பவில்லை. மாலின் பொது இடங்களுக்கு மத்திய ஹீட்டர் ஏற்பாடே கிடையாது. நுழைவாயில்களில் மட்டும் சூடேற்றுகிறார்கள். மற்றபடி பகலில் கண்ணாடிக் கூரை வழியாக இறங்கும் வெயில், கடைகளின் விளக்குகளும் இயந்திரங்களும் கக்கும் வெப்பம், நடமாடுகிற ஜனங்களின் உடம்புச் சூடு, இவையே போதுமானதாக இருக்கின்றன. மின்சாரக் கட்டணத்தோடு வருடம் முழுக்க மல்லுக்கட்டும் மனிதர், இதைக் கேட்டு சற்று நேரம் பேச்சற்று நின்றார். பிறகு சொன்னார்: "வர்ற கஸ்டமரையே வெறகாக்கிட்டானுங்க!"

பூங்காவுக்குள் நுழைந்ததும் அவர் கண் போனது ராட்டினத்தின் மேல் அல்ல, மரங்கள் மேல். பிளாஸ்டிக்காகத்தான் இருக்கும் என்று இலையைக் கிள்ளிப் பார்த்தார். நிஜ மரம். கூரைக்குள் நிற்கிற மரத்துக்கு அசுவினி வராதா? வரும். ஆனால் குழந்தைகள் நடமாடும் இடத்தில் மருந்தடிக்க முடியாது. அதனால் மால்காரர்கள் பொறிவண்டுகளை ஆயிரக்கணக்கில் வாங்கி அவிழ்த்துவிடுகிறார்கள்; அவை அசுவினியைத் தின்று வயிறு வளர்க்கின்றன. பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவருக்கு இது தெரிந்த சமாச்சாரம். 2010 வாக்கில் பப்பாளியை மாவுப்பூச்சி அழித்தபோது, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒட்டுண்ணிக் குளவிகளைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது அவருக்கு நினைவிருக்கிறது. அமெரிக்காவில் முதல் தடவையாக, தெரிந்த ஆளைப் பார்த்த சந்தோஷம் அவருக்குப் பொறிவண்டிடம்தான் கிடைத்தது.

பூங்காத் தரையில் ஓரிடத்தில் ஐந்து மூலைப் பலகை ஒன்றைப் பதித்திருக்கிறார்கள். பேஸ்பாலில் மட்டையாளர் நிற்கும் இடத்தின் அடையாளம். மால் வருவதற்குமுன் இந்த இடம் மெட்ரோபாலிட்டன் ஸ்டேடியம். 1967 ஜூன் 3 அன்று ஹார்மன் கில்லபுரூ என்பவர் இங்கே நின்று அடித்த பந்து 520 அடி பறந்து பார்வையாளர் நாற்காலி ஒன்றில் விழுந்தது. ஸ்டேடியத்தை இடித்தவர்கள் அதை மறக்கவில்லை. பலகையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால், எதிர்ச் சுவரின் உயரத்தில், நீர்ச்சறுக்குக்கு மேலே, அந்தப் பந்து விழுந்த இடத்துக்கு அடையாளமாகச் சிவப்பு நாற்காலி ஒன்று தன்னந்தனியாகத் தொங்குகிறது. யாரும் ஏறி உட்கார முடியாத நாற்காலி. நம்மூராக இருந்தால் அதற்கும் இரண்டு கோஷ்டிகள் அடித்துக்கொண்டிருக்கும்.

இந்த மாலைவிட இதன் பாட்டன் கதைதான் சுவாரசியமானது. சுற்றிலும் மூடி, உள்ளே எப்போதும் ஒரே தட்பவெப்பம் வைத்த அமெரிக்காவின் முதல் மால், இங்கிருந்து காரில் சற்று நேரத்தில் போய்விடக்கூடிய ஈடைனா என்ற ஊரில் 1956 அக்டோபரில் திறந்தது. பெயர் சவுத்டேல். வடிவமைத்தவர் விக்டர் குரூன், 1938இல் ஹிட்லருக்குத் தப்பி வியன்னாவிலிருந்து ஓடிவந்த யூதக் கட்டடக் கலைஞர். கார் வைத்திருப்பவனுக்காக மட்டுமே கட்டிய அமெரிக்கப் புறநகர்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. வியன்னாவில் போல ஜனங்கள் நடந்து, சந்தித்து, காப்பி குடித்து அரட்டையடிக்க ஓர் ஊர் மையம் வேண்டுமென்று ஆசைப்பட்டார். வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஏரி, பூங்கா எல்லாம் வரைந்தார். முதலாளிகள் நடுவிலிருந்த கடைகளை மட்டும் கட்டிக்கொண்டு, சுற்றிலும் கார் நிறுத்தத் தார் போட்டார்கள். பிற்காலத்தில் மனிதர் வியன்னாவுக்கே திரும்பினார்; வெறுத்துப்போய், இந்தப் பிள்ளைகள் தன்னுடையவை அல்ல என்றும் சொல்லிவிட்டார். வியன்னாவின் எல்லையிலும் ஒரு மால் முளைத்துவிட்டது!

மால் ஆஃப் அமெரிக்காவைக் கட்டியதும் வந்தேறிகள்தாம். ஈரானிலிருந்து கனடா போய்க் கம்பளம் விற்ற கெர்மெசியன் குடும்பம். 1981இல் அங்கே எட்மன்டனில் ஒரு பிரம்மாண்ட மாலைக் கட்டிப் பழகிவிட்டு இங்கே வந்தார்கள். அன்றைக்கு நம்மவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததோ ஒரு சோமாலியாக் குடும்பம். அமெரிக்காவிலேயே சோமாலியர் அதிகம் வாழும் மாநிலம் மினசோட்டா. வாசலில் மட்டும்தான் அமெரிக்கா என்று எழுதியிருக்கிறது.

இனி கொள்முதல். மினசோட்டாவில் உடைக்கு விற்பனை வரி இல்லை, செருப்புக்கும் இல்லை. இதற்காகவே பக்கத்து மாநிலங்களிலிருந்து கார் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. கோவைக்காரர் மகனுக்கென்று ஒரு டி-ஷர்ட்டை எடுத்தார். விலையை எண்பத்துச் சொச்சத்தால் பெருக்கினார். கீழே வைத்தார். மறுபடி எடுத்துக் கழுத்துப் பட்டியைத் திருப்பினார்: இந்தியத் தயாரிப்பு. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்குமேல் திருப்பூருடையது. அவர் வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். உடனே வீடியோ கால் போட்டார். அங்கே காலை ஆறரை. அம்மிணி பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அதைய வாங்கறதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க? நம்ம சித்தப்பா பையன் கம்பெனில கேட்டா கிலோக்கணக்குல குடுப்பானுங்க. பாதாமும் சாக்லேட்டும் மட்டும் வாங்கிட்டு வாங்க, போதும்."

அவர் பாதாம் தேடிப் புறப்பட்டார். அத்தனை கடையில் பொம்மைக்கும் வாசனைத் திரவியத்துக்கும் பஞ்சமில்லை. பாதாம் மட்டும் அவர் நினைத்த அளவிலும் விலையிலும் அகப்படவில்லை. கடைசியில் சாக்லேட்டோடு ரயிலேறினார். மறுநாள் ஹோட்டலுக்கு எதிரே இருந்த சாதாரண மளிகைக் கடையில் இரண்டு பெரிய பொட்டலம் வாங்கிவிட்டார்.

பனிக்காலத்தில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒன்று. விமான நிலையத்திலிருந்து மாலுக்கு ரயிலில் கால்மணி நேரம்கூட ஆகாது, நாலைந்து மணி நேரம் இடைவெளி இருந்தால் தாராளமாகப் போய்வரலாம். உள்ளே ஒரு பனியன் போதும், கோட்டை லாக்கரில் போடுங்கள். பாதாமுக்கு மளிகைக் கடை.