ஓட்டையே உத்தமம்!

கொந்தளிக்கும் கடலில் மீன் பிடிக்க ஒரு படகு வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்க? (கடலூர் வாசகர்)

மீன் பிடிக்கத்தானே, மீனுக்கு இரை போட இல்லையே? அப்படியானால் வேகத்தை அப்புறம் விசாரியுங்கள். ‘உள்ளே ஏறிய தண்ணீர் எப்படி வெளியேறும்?’ என்று முதலில் கேளுங்கள். நம் கட்டுமரத்துக்கு அந்தக் கவலையே கிடையாது. கயிற்றால் பிணைத்த கட்டைகள், இடையிடையே இடுக்கு. ஏறிய அலை அப்படியே வழிந்துவிடும். உடம்பெல்லாம் ஓட்டை, அதனால்தான் மூழ்குவதில்லை!

அதைத்தானே ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என்கிறார்கள்?

பெயர் மட்டும் நம்முடையது. அவர்கள் அதை இரட்டை உடல் படகுக்குச் சூட்டிவிட்டார்கள். நம்முடையது கட்டு மரம். அவர்களுடையது காதால் ‘கேட்ட’ மரம்.

சுனாமிக்குப் பிறகு எங்கு பார்த்தாலும் ஃபைபர் படகுதானே?

ஆமாம், 2004க்குப் பின் நிவாரணமாகவே நிறைய வந்து இறங்கின. இலகுவானவை, வேகமானவை. ஆனால் தண்ணீர் நிரம்பினாலும் மிதக்கும்படி உள்ளே நுரைப்பொருள் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, கரையில் சொன்ன எச்சரிக்கை ஆழ்கடலில் இருந்த பலருக்கு எட்டவே இல்லை. படகோடு செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவியும் சேர்த்து வாங்குங்கள்.