அங்கணத் தபசு

மேடைக்கு மேலே விளிம்பு தெரிய வைத்த சிங்க் என்றால் கவலையில்லை. கிளப்பி எறிந்துவிட்டு வேறொன்றை இறக்கிவிடலாம். கிரானைட்டுக்கு அடியில் ஒட்டிய சிங்க்குக்கு அந்த வழி கிடையாது. அதன் விளிம்பு கல்லில் வெட்டிய ஓட்டையைவிடப் பெரியது, மேலே வராது. கீழே இறக்கலாமென்றால் நம்மூர் அடுப்படியில் கடப்பாக்கல் தட்டு வழிமறிக்கும், இரண்டு பக்கமும் செங்கல் சுவர். கொத்தனார் முதலில் சிங்க்கை உட்காரவைத்து, சிமெண்ட் பூசி, அதற்குமேல்தான் கிரானைட்டைப் போட்டிருப்பார். வீட்டை இடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

எங்கள் வீட்டு அங்கணத்துக்கு அவ்வளவு பொறுமை இல்லை. எவர்சில்வரிலும் ரகம் உண்டு. 304 என்பதில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். கடையில் இரண்டும் ஒரேபோலப் பளபளக்கும். போர்த் தண்ணீரின் உப்புதான் துப்பறிந்து சொல்லும். எங்களுக்குச் சொல்லிவிட்டது. அடியெல்லாம் பொட்டுப் பொட்டாகத் துரு, மூலையில் ஒழுகல்.

பிளம்பர் வந்து குனிந்து பார்த்தார். “குழாய்னா சொல்லுங்க அண்ணாச்சி. கல்லுல கை வைக்க மாட்டேன்.”

கல் வெட்டுகிறவர், “வெட்டச் சொன்னா வெட்டுதேன். ஒட்டுறது கொத்தனார் வேலைல்லா?” என்றார்.

கொத்தனாருக்குச் சிரிப்பு. “பசை போடுறதெல்லாம் பிளம்பர் பாத்துக்கிடுவாரு.”

கல்லும் எவர்சில்வரும் சேர்கிற அந்த இடுக்குக்கு மட்டும் சங்கரன்கோவிலில் ஆளே இல்லை. இத்தனைக்கும், சிவனா விஷ்ணுவா பெரியவர் என்று சங்கன், பதுமன் என்ற நாக அரசர்கள் போட்ட சண்டையை, கோமதியம்மன் தவமிருந்து, சங்கரநாராயணரைப் பாதிப் பாதியாக வரவழைத்துத் தீர்த்துவைத்த ஊர் இது. எங்கள் வீட்டில் அம்மா இறங்கினாள். அம்மனின் அந்தத் தவத்தைக் கொண்டாடும் ஆடித்தபசுக்குச் சொந்தக்காரர்கள் வருவதற்குள் வேலை முடியவேண்டும் என்று மூன்று பேரையும் ஒரே நேரத்துக்கு வரச்சொன்னாள். காபி கொடுத்து உள்ளே விட்டு, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். யாரும் நழுவ முடியாது.

கல் வெட்டிய தூசி பூஜையறை வரை போனது. அதை விடுங்கள். புதிய சிங்க் 24க்கு 18 அங்குலம், 9 அங்குல ஆழம். நிரப்பினால் 50 லிட்டராவது பிடிக்கும். அதாவது 50 கிலோ. இதைத் தாங்கப்போவது நாலைந்து கிளிப்பும் ஒரு கோடு சிலிக்கானும். அதிலும் சிலிக்கான் இறுக 24 மணி நேரம் வேண்டும், அதுவரை அடியில் முட்டுக்கொடுக்க வேண்டும். செங்கல்லை அடுக்கினார்கள், உயரம் போதவில்லை. இன்னொன்று வைத்தால் இடிக்கிறது. கொத்தனாரின் கண் சுற்றிச் சுற்றி வந்து இட்லிக் கொப்பரையில் நின்றது. கவிழ்த்துவைத்தார். கச்சிதம்.

மூவரும் கூலி வாங்கிக்கொண்டு போன பிறகு ராஜபாளையத்திலிருந்து ஒரு கூட்டம், புளியங்குடியிலிருந்து ஒரு கூட்டம் வந்து இறங்கியது. இட்லிக்கு ஆட்டிய மாவு பொங்கி நிற்கிறது. கொப்பரையோ சிங்க்கைச் சுமந்து நிற்கிறது.

“அதை உருவிட்டு வேற எதையாவது வச்சா என்ன?” என்று சித்தப்பா குனிந்தார்.

“தொட்டுராதீங்க!”

ஒற்றைத் தோசைக்கல்லில் அத்தனை பேருக்கும் தோசை. ஒன்று வேகும்போது பத்துத் தட்டு நீண்டது. சித்தப்பா மறுபடியும், “மைனி, பசி தாங்கல” என்றார்.

அம்மா திரும்பாமலே சொன்னாள்: “தபசு பாக்கத்தான வந்திய? அம்மன் ஒத்தக்கால்ல நின்னா. நீங்க ரெண்டு கால்லயும் நில்லுங்க.”