நடக்காத நடைப்பயணம்

சித்திரை விடுமுறையில் அலுவிகாரையிலிருந்து குழுவாக நடைப்பயணம் போவதற்கு முதல் தேவை, ஏ-9 வீதியில் வந்து நிற்கும் ஒரு வான். ரத்தோட்டை, ரிவர்ஸ்டன் வழியாகப் பிட்டவல பத்தனைப் புல்வெளி வரை அதுவே நமக்காக நடக்கும். இறங்கியதும் மலைக்காற்றைச் சுவாசிக்கிறோம். உடனே பசிக்கிறது, சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறோம். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்ற நக்கிள்ஸ் வனம், நம் செல்ஃபிக்குப் பின்னணியாக நிற்கும் பேறு பெறுகிறது.

அலுவிகாரைக் குகைகளில் பிக்குகள் திரிபிடகத்தை ஓலையில் எழுதியது கி.மு. 1ஆம் நூற்றாண்டில் என்பது மரபு. எழுத்துப்பணி இன்றும் ஓயவில்லை: வழிநெடுகப் பாறைகளில் காதலர் பெயர்கள்.

அன்றைய மெய்யான மலையேறிகள் அட்டைகள்தான். கணுக்காலில் புறப்பட்டு, பார்சல் சோறு கேட்காமல், முழங்கால் உச்சியைத் தொட்டுவிடுகின்றன.