விரியில் இடம் பிடித்தல்: ஓர் ஆய்வு
(ஒரகடம் தொழிற்பேட்டைச் சாமிமார்களைச் சான்றாகக் கொண்டது)

ஆய்வுச் சுருக்கம்

எருமேலியிலிருந்து சபரிமலைக்குப் பெருவழியில் நடப்போர் இரவு தங்கும் கொட்டகையே விரி. அதற்குள் யார் எங்கே படுப்பது என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. ஆனாலும் கால்மணி நேரத்துக்குள் எல்லாரும் அவரவர்க்குரிய இடத்தில் படுத்துவிடுகிறார்கள். இது எங்ஙனம் நிகழ்கிறது என்பதே ஆய்வுப் பொருள்.

1. களம்

பெருவழி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பேரூர்தோடு, காளைகட்டி, அழுதா, கல்லிடும்குன்று, இஞ்சிப்பாறைக் கோட்டை, முக்குழி, கரிமலை, பெரியானை வட்டம், பம்பை என்று போய், நீலிமலை ஏறிச் சன்னிதானம் சேரும். இடையிலுள்ள காட்டின் பெரும்பகுதி பெரியார் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. பொழுது சாய்ந்தால் யானை நடமாட்டம் என்பதால் வனத்துறை அதற்கு முன்பே வழியை மறித்துவிடும். ஆகவே முன்னே ஓடியவர், பின்னே நொண்டியவர், கரிமலையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டவர் எல்லாரும் ஒரே வேளையில் விரிக்குள் நுழைகிறார்கள். நெரிசலுக்கு மூலகாரணம் பக்தி அன்று, யானை.

2. முன்னோர் முயற்சிகள்

மலையில் குடில் விட்டுக் குடில் நடப்பதைப் பெரிய கலையாக வளர்த்தவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள். 1863-இல் ஆல்பைன் கிளப் தொடங்கிய கையோடு, அதே ஆண்டு டோடி மலையில் க்ரூன்ஹார்ன் குடிலைக் கட்டிவிட்டார்கள். இன்று அத்தகைய குடில்களில் முன்பதிவு உண்டு, உறைபோன்ற துணிக்குள் புகுந்து படுக்கும் ஒழுங்கு உண்டு, விளக்கணைக்க நேரம் உண்டு. இடம் பிடிக்கும் தேவையே இல்லாததால் இத்துறைக்கு அங்கிருந்து எந்தத் தரவும் கிடைக்கவில்லை.

உள்ளூர் நிலைமையும் கவலைக்கிடமே. ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 706.50 கோடி ரூபாயில் 18,720 படுக்கைகளோடு சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆளுக்கொரு கட்டில் என்று வந்துவிட்டால் இந்தக் கலை அழியும். ஆய்வு அவசரமாக மேற்கொள்ளப்பட்டதற்கு இதுவே காரணம்.

3. ஏன் ஒரகடம்?

டைம்லர் லாரியும் ராயல் என்ஃபீல்டு வண்டியும் அப்போலோ டயரும் ரெனோ-நிசான் காரும் உருவாகும் ஊர் இது. ஊருக்கெல்லாம் சக்கரம் பூட்டி அனுப்புகிறவர்கள், கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொண்டு வெறுங்காலோடு மலைக்குப் புறப்படுகிறார்கள். ஒரு மண்டலம் முழுக்க, கேட்டுக்கு உள்ளே சேஃப்டி ஷூ, கேட்டைத் தாண்டினால் வெறுங்கால்.

இரண்டாவது காரணம் முன்பயிற்சி. பக்கத்திலுள்ள மாத்தூரிலும் வல்லத்திலும் ஒரே ரூமை நாலைந்து பேர் எடுத்துத் தங்குகிறார்கள். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர், காலை ஷிப்டுக்குப் போனவரின் பாயில் சூடு ஆறுவதற்குள் படுத்துக்கொள்கிறார். அடுத்தவர் முழங்கை விலாவில் இருக்கும்போதே உறங்கும் திறன், மலையேறும் முன்பே இவர்களுக்குக் கைவந்துவிடுகிறது.

4. கண்டறிந்த விதிகள்

இருமுடி விதி. விரி என்பது கம்பு நட்டு, மேலே ஓலையோ தார்ப்பாயோ போட்டு, கீழே பாய் பரப்பிய இடம். குழு உள்ளே வந்ததும் முதலில் இடம் கிடைப்பது மனிதர்க்கு அல்ல, இருமுடிக்கு. துண்டு விரித்து, அதன்மேல் கட்டுகளை வரிசையாக வைப்பார்கள். அந்தப் பக்கம் கால் நீட்டக் கூடாது. ஆக, அத்தனை பேரின் தலையும் எந்தத் திசை என்பது ஒரே அசைவில் முடிவாகிவிடுகிறது.

கம்ப விதி. விரியில் உயர்ந்த இடம் உட்பக்கத்துக் கம்பத்தடி. முதுகு சாய்க்கலாம், பையை மாட்டலாம், ஒரு பக்கத்துத் தொல்லை கிடையாது. அது பல முறை மலையேறிய குருசாமிக்கு. கடைசி இடம் வாசல். அங்கே பனி இறங்கும், டீக்கடை அடுப்புப் புகை வரும், ராத்திரி ஒதுங்கப் போகிறவர்கள் எல்லாம் காலை மிதித்துப் போவார்கள். அது முதன்முறை வரும் கன்னிசாமிக்கு.

நெகிழ்வு விதி. பத்துப் பேர் படுக்கும் இடத்தில் பதினைந்தாவது ஆள் வந்து நின்று, “சாமி, கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்க சாமி” என்றால் இடம் பிறக்கிறது. எங்கிருந்து பிறந்தது என்பதை இயற்பியல்தான் விளக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒருவர் புரண்டால் அசெம்பிளி லைன் நகர்வதுபோல் வரிசை முழுக்கப் புரண்டாக வேண்டும்.

குறட்டை விதி. கன்னிசாமி குறட்டை விட்டால் யாராவது அவர் காதருகே “சாமியே!” என்று குரல் கொடுப்பார். தூக்கத்திலேயே மொத்த விரியும் “சரணம் ஐயப்பா!” என்று பதில் சொல்லும். குறட்டை நின்றுவிடும், கூடவே எல்லார் தூக்கமும். குருசாமி குறட்டை விட்டால் அது மரபு.

5. மறுப்பும் விடையும்

“மாலை போட்டால் எல்லாரும் சாமிதானே, அங்கே ஏது மேல் கீழ்?” என்பார்கள். அழைப்பில் சமம் உண்மைதான். படுக்கையில் ஏணி இருக்கிறது. ஆனால் கம்பெனி ஏணி அன்று, வேறோர் ஏணி. லைனில் காண்ட்ராக்ட் ஆளாக நிற்பவர் பதினெட்டாம் ஆண்டாக மலைக்கு, தென்னங்கன்று சுமந்து வந்திருப்பார். அவரை “டேய்” என்று கூப்பிடும் சூப்பர்வைசர் அதே குழுவில் முதல் மாலையோடு வந்திருப்பார். விரியில் கம்பத்தடி யாருக்கு, வாசல் யாருக்கு என்பதை ஐடி கார்டு தீர்மானிக்காது. “கன்னிசாமி, கேன்ல தண்ணி புடிச்சிட்டு வாங்க சாமி” என்று கம்பத்தடியிலிருந்து குரல் வரும். சூப்பர்வைசர் எழுந்து போவார். மரியாதை விகுதி இருபுறமும் சேதாரமின்றி இருப்பதைக் கவனிக்க.

இதிலிருந்து பெறப்படுவது: மனிதனால் ஏணி இல்லாமல் உறங்க முடியாது. ஆனால் எந்த ஏணி என்பதை ஒரு காடு மாற்றிவிடும்.

6. பரிந்துரை

ஆண்டுக்கொரு முறை குழு உணர்வை வளர்க்க ரிசார்ட்டில் பலூன் ஊதவிடும் நிறுவனங்கள், அந்தச் செலவை மிச்சம் பிடித்து, ஊழியர்களோடு மேலாளர்களையும் ஓர் இரவு முக்குழி விரிக்கு அனுப்பலாம். இடையூறு ஒன்றே: பிளான்ட் தலைவர் மலைக்குப் புதியவர் என்றால் அவர் படுக்க வேண்டியது வாசலில். இந்தப் பரிந்துரை அடுத்த போர்டு மீட்டிங்கைத் தாண்டாது என்பதே இவ்வாய்வின் மிக உறுதியான முடிவு.