இரண்டு கும்பினிகளில் வேலை பார்த்த கட்டபொம்மன்

வீரபாண்டிய கட்டபொம்மன் முதன்முதலில் வேஷம் கட்டியது வெள்ளைக்காரன் கட்சியில். திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் கம்பளத்தாரின் கட்டபொம்மன் கூத்து. கும்பினிப் பட்டாளத்துக்கு ஆள் குறைந்ததால், வேடிக்கை பார்த்த பொடியன்களைப் பிடித்து வரிசையில் நிறுத்தினார்கள். அதில் ஒருவன் கணேசன். வீட்டுக்கு வந்தால் அப்பா சின்னையா மன்றாயர் காத்திருந்தார். அவரோ சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போய் வந்தவர். பெற்ற பிள்ளை வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சேர்ந்தால் சும்மா விடுவாரா? வெளுத்து வாங்கினார். நடிகர் திலகம் சிவாஜி கணேசனின் முதல் சன்மானம் அதுதான்.

பையன் திருந்தினானா என்றால், அடுத்து இன்னொரு கும்பினியில் சேர்ந்தான். யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளையின் பாய்ஸ் கம்பெனி. அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை. பாடச் சொன்னார்கள், பாடினான். அப்பா அம்மா எங்கே என்றார்கள். "யாருமில்லை, நான் அநாதை" என்றான். இருவரும் அதே ஊரில் கல்லுக்குண்டாக இருந்தார்கள்! ஒப்பனை இல்லை, படுதா இல்லை, ஒத்திகையும் இல்லை. பின்னாளில் எத்தனையோ படங்களில் நம்மை அழவைத்தவர் முதலில் ஏமாற்றியது ஒரு நாடக முதலாளியை.

கும்பினி என்ற பெயருக்கு ஏற்றபடிதான் கம்பெனியும் நடந்தது. உள்ளே போவது சுலபம், வெளியே வருவதுதான் கஷ்டம். சோறு உண்டு, பாட்டும் ஆட்டமும் உண்டு, வசனம் தப்பினால் பிரம்பும் உண்டு. வாத்தியார் வைத்ததே சட்டம். கூடப் படுத்துப் புரண்டவர்கள் காக்கா ராதாகிருஷ்ணன் போன்ற பையன்கள். அண்ணன் ஸ்தானத்தில் எம்.ஆர்.ராதா. இந்தக் காவலில் வளர்ந்தும் பையன் சீதையானான் என்பது ராமாயணத்திலேயே இல்லாத அதிசயம்.

ஆமாம், ஸ்திரீபார்ட். சவுரி, சேலை, முகமெல்லாம் அரிதாரம். சீதை முடிந்ததும் ராமனை மயக்க வரும் அழகிய சூர்ப்பனகை. அப்புறம் பரதன், இந்திரஜித். ராமனுக்கு மனைவி, ராமனுக்குத் தம்பி, ராமனுக்கு எதிரி என்று எல்லாம் ஆகிவிட்டது. பாக்கி இருந்தது ராமன் ஒருவன்தான்.

1940களின் நடுவில் அண்ணா 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' எழுதினார். சிவாஜியாக நடிக்க வேண்டியவர் எம்.ஜி.ஆர். அவர் விலகிக்கொள்ள, ஒல்லிக் கணேசன் கையில் கட்டுக் காகிதத்தைக் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் மொத்த வசனத்தையும் ஒப்பித்துவிட்டார். அண்ணாவே காகபட்டராக மேடையேறிய நாடகம் அது. பார்த்த பெரியார், இனி இந்தக் கணேசன் 'சிவாஜி' என்றார். யோசித்துப் பாருங்கள், அன்றைக்கு எம்.ஜி.ஆர். நடித்திருந்தால் 'சிவாஜி எம்.ஜி.ஆர்.' என்று போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். நம் ஊர் ரசிகர் மன்றங்கள் யாரோடு யார் அடித்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்திருக்கும்.

மராட்டிய மாமன்னர் பட்டம் வாங்கியாயிற்று, இனிமேல் மீசைதான் என்று நினைத்தால், மறுபடியும் சேலை. சக்தி நாடக சபாவில் நூர்ஜஹான்! அந்த ராணியைப் பார்த்துத்தான் வேலூர் பி.ஏ.பெருமாள் முதலியார் தன் படத்துக்குக் கதாநாயகனை முடிவு செய்தார். கூட்டாளி ஏவி.எம். மெய்யப்பன், பையன் ஒல்லி, ஆளை மாற்றலாம் என்றார். முதலியார் மசியவில்லை. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' வந்தது. ஒல்லி என்று சொன்னவர்கள் எல்லாம் அப்புறம் வசூலை எண்ணுவதில் மும்முரமானார்கள்.

சக்தி நாடக சபாவை நடத்தியவர் சக்தி கிருஷ்ணசாமி. கணேசனுக்கு நூர்ஜஹான் சேலை கட்டிவிட்ட அதே மனிதர்தான் பிற்பாடு கட்டபொம்மன் நாடகம் எழுதி, முறுக்கு மீசையும் ஒட்டிவிட்டார். அது 1959-இல் படமாகி, அடுத்த ஆண்டு கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர் பரிசும் வந்தது. திரையில் கும்பினியின் ஜாக்சன் துரையைப் பார்த்து அந்த மீசை அப்படித் துடித்ததற்கு வசனம் மட்டுமா காரணம்? சங்கிலியாண்டபுரத்தில், அந்தக் கும்பினிக்காக வாங்கிய உதைக்கும் பாக்கி இருந்ததே!